கல்யாணப் பந்தலில் ஒரு தம்ளர்: அக்கானி முதல் வெல்கம் டிரிங்க் வரை

கல்யாண வீட்டில் சோறு குறைந்தால் இன்னொரு உலை வைத்துச் சமாளிக்கலாம். குடிக்கக் கொடுப்பது குறைந்துபோனால் சமாளிப்பது கஷ்டம். வெயிலில் பஸ் பிடித்து வந்து இறங்குகிற ஆளுக்கு முதலில் வேண்டியது அதுதான். கானாவூர்க் கல்யாணக் கதை நம் மாவட்டத்தில் எல்லா மதத்தாருக்கும் தெரியும். விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே திராட்சை ரசம் தீர்ந்துபோகிறது. மாப்பிள்ளை வீட்டாரின் மானம் போகப்போகிறது என்பதை முதலில் கண்டுகொள்வது ஒரு தாய். ஆறு கற்சாடித் தண்ணீர் ரசமான அற்புதம் அதன் பிறகு வருவது. ஆயுள் முழுக்கக் கணக்கெழுதிப் பழகிய எனக்கு, அந்தக் கதையில் முதலில் கண்ணில் படுவது கணக்குத் தப்பிய ஒரு வீட்டின் பயம்.

அந்தப் பயம் இன்றும் இருக்கிறது. நம் மணவாளக்குறிச்சிப் பக்கம் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான வீடுகளில் மண்டபம், சாப்பாடு, நகை இவற்றுக்கு அடுத்து இப்போது ‘வெல்கம் டிரிங்க் என்ன வைக்கலாம்?’ என்பதும் பெரிய பேச்சாகிவிட்டது. எங்கள் காலத்தில் இப்படி ஒரு கேள்வியே கிடையாது. அது எப்படி வந்தது, அதற்கு முன் பந்தலில் என்ன கொடுத்தார்கள், அதற்கு யார் காசு கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரிந்த மட்டும் எழுதிவைக்கிறேன்.

பட்டையும் கிண்டியும் சிரட்டையும்

1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாக்களும் அன்றுதான் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தன. அந்தக் காலத்துக் கல்யாணம் மண்டபத்தில் நடக்கவில்லை. வீட்டு முற்றத்தில் ஓலைப் பந்தல் போட்டு நடந்தது. குடிப்பதற்கென்று காசு செலவழித்து வாங்கிய பொருள் அநேகமாக ஒன்றும் இல்லை. தென்னை வீட்டில் நின்றது, பனை விளையில் நின்றது. மோருக்குத் தொழுவில் மாடு. சுக்கும் சீரகமும் அடுக்களையில். தண்ணீரைக் கொதிக்கவைத்துச் சீரகம் போட்டு ஆறவிட்ட சீரகவெள்ளம்தான் பந்தியில் விளம்பியது.

சித்திரை, வைகாசிக் கல்யாணம் என்றால் அக்கானிக் காலம். பதநீரை நாம் அக்கானி என்றுதான் சொல்லுவோம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் அக்கானி. தடவாமல் கட்டினால் கள். சுண்ணாம்பு போட்டாலும் நேரம் ஆக ஆக ருசி மாறும் என்பதால் காலையில் இறக்கியதைக் காலையிலேயே குடித்துவிட வேண்டும். பந்தல் போடவும் தேங்காய் திருவவும் வந்த அயல்வீட்டார் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்து, பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் வாங்கிக் குடிப்பார்கள். மிஞ்சியதைக் காய்ச்சினால் கருப்பட்டி. அக்கானி இல்லாத மாதங்களில் அந்தக் கருப்பட்டியைத் தட்டிப்போட்டுச் சுக்குவெள்ளமோ பானகமோ செய்தார்கள்.

இதைப் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. அதே முற்றத்தில் இன்னொரு கணக்கும் நடந்தது. யாருக்கு என்ன பாத்திரம் என்ற கணக்கு. பெரிய வீடுகளில் விருந்தாளிக்குக் கிண்டி. உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்க அதில் மூக்கு வைத்திருக்கும். வேலிக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டவர்களுக்குச் சிரட்டை. அதையும் கையில் கொடுக்கமாட்டார்கள், தூரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்கள். தோளில் துணி போடுவதற்கே 1859 வரை போராட வேண்டியிருந்த நாடு இது. வைக்கத்தில் தெருவில் நடப்பதற்காக 1924-லும் சுசீந்திரத்தில் 1926-லும் சத்தியாகிரகம் நடந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12-ல் வந்தது. கோயில் கதவு திறந்த பிறகும் கல்யாணப் பந்தலில் ஒரே பாத்திரம் வருவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. 1917-ல் கொச்சிப் பக்கம் செராயியில் சகோதரன் அய்யப்பன் எல்லாச் சாதியாரையும் சேர்த்து உட்காரவைத்து மிசிரபோஜனம் நடத்தியதற்கு அவரது சொந்தச் சமூகத்தாரே அவரை விலக்கிவைத்தார்கள். சேர்ந்து உண்பதும் குடிப்பதும் அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது.

பனையோலைப் பட்டைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. குடித்துவிட்டு வீசிவிடலாம். யார் வாய் பட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அக்கானியை இறக்கித் தந்தவர் பந்தலுக்குள் எங்கே உட்கார்ந்தார் என்பது வேறு கேள்வி.

காப்பியும் சாயாவும்

காப்பி நம் மலையிலேயே விளைந்தது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அசம்பு மலைச் சரிவுகளில் வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டம் போட்டார்கள். ஆனாலும் நம் வீட்டு அடுப்பில் காப்பி ஏற நெடுநாள் பிடித்தது. முதலில் வந்தது கருப்பட்டிக் காப்பி. பால் சேராது. ஒரு குட்டுவம் நிறையப் போட்டு இறக்கினால் ஊருக்கே காணும். சாயா அதற்குப் பின்னால் வந்தது. தேயிலைக்கு உள்நாட்டிலேயே சந்தை பிடிக்க வேண்டும் என்று 1930-களில் தேயிலை வாரியத்தார் ஊர் ஊராகப் போய் இலவசமாகப் போட்டுக் கொடுத்துப் பழக்கிய பிறகு, சாயாக்கடை எல்லா முக்கிலும் வந்தது.

காப்பியும் சாயாவும் வந்ததோடு கல்யாண நோட்டில் சீனி என்ற வரி ஏறியது. கருப்பட்டி ஊர்ச் சரக்கு. சீனி கடைச் சரக்கு. 1960-களிலும் 70-களிலும் சீனி கட்டுப்பாட்டில் இருந்த வருஷங்களில், கல்யாண அழைப்பிதழை மனுவோடு சேர்த்துத் தாலுகா அலுவலகத்தில் கொடுத்துக் கூடுதல் சீனிக்குப் பெர்மிட் வாங்க வேண்டியிருந்தது. என் வயதுக்காரர்களுக்கு இது நினைவிருக்கும். எத்தனை கிலோ கிடைத்தது என்பதை வைத்துத்தான் சமையற்காரர் பாயாசத்துக்கும் காப்பிக்கும் பங்கு பிரிப்பார். சீனி குறைந்தால் காப்பிக்குக் கருப்பட்டி. பிரதமனுக்கு எப்படியும் சர்க்கரைதான், அதாவது வெல்லம்.

அடைத்த பாட்டில்

நம் பந்தல்களில் காசு கொடுத்து வாங்கிய முதல் குடிபொருள் கோலிசோடாவும் கலரும் என்றுதான் நினைக்கிறேன். சோடாத் தண்ணீரின் கதை 1767-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி தண்ணீரில் காற்றைக் கரைத்துப் பார்த்ததிலிருந்து தொடங்குகிறது. கோலி வைத்த பாட்டிலை 1870-களின் தொடக்கத்தில் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தார். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து நிரப்பி நிமிர்த்தினால், உள்ளே இருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளிக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்தி அடைத்துக்கொள்ளும். தக்கை வேண்டாம், மூடி வேண்டாம். கழுவிக் கழுவிப் பல வருஷம் ஓட்டலாம். மேல்நாட்டில் வேறு மூடி வந்ததும் இதை விட்டுவிட்டார்கள், நாம் விடவில்லை. 2025-ல் மத்திய வர்த்தக அமைச்சகம் இதே கோலிசோடாவை அமெரிக்காவுக்கும் வளைகுடாவுக்கும் ஏற்றுமதி செய்வதாகப் பெருமையாக அறிவித்தது.

கலர்க் கம்பெனிகள் நம் தென்பாண்டிச் சீமையில் சீக்கிரமே தோன்றின. காளிமார்க் விருதுநகரில் 1916-ல் பழனியப்ப நாடார் தொடங்கியது. அவர்களுடைய பவண்டோ 1950-களின் இறுதியில் வந்தது. ஊருக்கு ஊர் சின்னச் சின்னச் சோடாக் கம்பெனிகளும் இருந்தன. கல்யாணத்துக்கு முந்தின நாள் மரப்பெட்டிகளைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி எடுத்துவருவார்கள். முழுக் கல்யாணத்துக்கும் கலர் கொடுக்க யாராலும் முடியாது. மாப்பிள்ளை வீட்டார், ஊர்ப் பெரியவர், வாத்தியார், போலீஸ்காரர் என்று எண்ணி எண்ணி உடைப்பார்கள். மற்றவர்களுக்கு நாரங்கா வெள்ளம். கலர் பாட்டில் கையில் வந்தால் மரியாதை, வராவிட்டால் மனவருத்தம். அதை வைத்தே சில குடும்பங்கள் வருஷக்கணக்கில் பேசாமல் இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

ஆனால் அந்தப் பாட்டில் செய்த ஒரு உபகாரத்தை மறக்கக் கூடாது. கிண்டியும் சிரட்டையும் எடுத்துச் சொன்ன வித்தியாசத்தைப் பாட்டிலால் சொல்ல முடியவில்லை. உள்ளே இருந்த தண்ணீர் எந்தக் கிணற்றில் கோரியது, யார் நிரப்பியது என்று யாருக்கும் தெரியாது. உடைத்தவுடன் குடிக்க வேண்டும், எல்லாரும் அதே பாட்டிலில்தான் குடிக்க வேண்டும். ஒருவர் குடித்த பாட்டில் கம்பெனிக்குப் போய்க் கழுவி நிரப்பி இன்னொருவர் கைக்கு வரும். தீட்டுப் பார்த்த பெரியவர்களும் தாகத்தில் அதைக் குடித்தார்கள். பிரகடனமும் சட்டமும் செய்த வேலையில் ஒரு சின்னப் பங்கைக் கோலிசோடாவும் செய்தது என்பது என் எண்ணம். ஆனால் சாதி இருந்த இடத்தில் காசு வந்து உட்கார்ந்தது. வேலிக்கு உள்ளே, வெளியே என்று பிரித்தது போய், பாட்டில் கிடைத்தவர், கிடைக்காதவர் என்று பிரிக்க ஆரம்பித்தோம்.

ஐந்து ரூபாய்க்கு 32 தம்ளர்

வெளிநாட்டுக் கோலா நம் கல்யாணத்துக்கு வந்ததும் போனதும் தில்லியில் முடிவான விஷயம். கோகோ கோலா 1950-ல் இந்தியாவுக்கு வந்தது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி பங்கைக் குறைக்க வேண்டும், சூத்திரத்தைத் தர வேண்டும் என்ற பிரச்சினையில் 1977-ல் வெளியேறியது. ஜனதா அரசு அதற்குப் பதிலாக 77 என்று ஒரு கோலாவையே இறக்கிப் பார்த்தது. கோல்டு ஸ்பாட், லிம்கா, தம்ஸ் அப் என்று பார்லே கம்பெனியின் பாட்டில்கள் அந்த இடத்தைப் பிடித்தன. நம் பக்கம் டொரினோவும் ஓடியது. 1990-ல் பெப்சி வந்தது. 1993-ல் கோகோ கோலா திரும்பி வந்து பார்லேயின் பாட்டில்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டது.

இவ்வளவு பெரிய சண்டைக்கு நடுவில் நடுத்தர வீட்டுக் கல்யாணத்தைக் காப்பாற்றியது ரஸ்னா. ஆமதாபாத்தின் அரீஸ் கம்பாட்டாவுடைய கம்பெனி. 1980-களில் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டில் 32 தம்ளர் என்று விளம்பரம் செய்தார்கள். சீனியும் ஐஸும் தனி. அப்படிப் பார்த்தாலும் பாட்டில் கலர் ஒன்றின் விலைக்கு ஒரு பந்தியையே குளிர்விக்கலாம். ஓலைப் பந்தல் துணிப் பந்தலாக மாறி, காலைத் தாலிகட்டுக்குப் பிறகு மாலையில் ரிசப்ஷன் என்ற வழக்கமும் வந்த சமயம் அது. வாசலில் பன்னீர், சந்தனம், கற்கண்டு தட்டு. பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் வரிசையாகத் தம்ளர். அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வந்த எல்லாருக்கும், பிள்ளைகள் உட்பட, நிறமுள்ள ஒரே பானத்தைக் கொடுக்க நம் பக்கத்துச் சாதாரணக் குடும்பத்துக்கு முடிந்தது அப்போதுதான். எண்ணி எண்ணிப் பாட்டில் உடைத்த காலம் அதோடு முடிந்தது.

அவரவர் வழக்கமும் கூடவே நடந்தது. முஸ்லிம் வீட்டு நிக்காஹில் பாலும் பழமும் சர்பத்தும் கொடுத்தார்கள். கிறிஸ்தவ வீட்டு ரிசப்ஷனில் கேக்கோடு முந்திரிச்சாறு, அதாவது திராட்சைச் சாறு. மதுவிலக்கில் பிடிவாதமான சபைகள் புளிக்காத சாறுதான் வேண்டும் என்றன. அந்தப் பிடிவாதத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1869-ல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற பல் வைத்தியர் தம் சபையின் திருவிருந்துக்காகத்தான் திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் பாட்டிலில் அடைக்கும் முறையைக் கண்டுபிடித்தார்.

பனையேறிக்கு என்ன ஆயிற்று

பட்டையில் அக்கானி குடித்த காலத்தை நினைத்து உருகுகிறவர்கள் பனையேறியின் நெஞ்சிலும் முழங்கையிலும் இருந்த தழும்பையும் சேர்த்து நினைக்க வேண்டும். காலில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாள். ஒரு நாளைக்கு 30, 40 மரம். காலையிலும் மாலையிலும் ஏற வேண்டும். விழுந்தால் அதோடு சரி. தன் பிள்ளை இந்த மரத்தில் ஏறக் கூடாது என்றுதான் ஒவ்வொரு பனையேறியும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். நம் மாவட்டத்தின் படிப்புப் பெருமையில் அவர்கள் பங்கு மிகப் பெரியது. ஆகவே அக்கானி குறைந்ததில் துக்கப்பட ஒன்றுமில்லாத பாதியும் உண்டு.

துக்கப்பட வேண்டிய பாதி சட்டத்தால் வந்தது. 1971 ஆகஸ்டு 30-ல் மதுவிலக்கு தளர்ந்தது, 1973-74-ல் திரும்ப வந்தது, 1981-ல் மறுபடியும் தளர்ந்தது. டாஸ்மாக் 1983-ல் உருவானது. 1987 ஜனவரி 1 முதல் கள் தடை. இன்று வரை அப்படியே. களியக்காவிளை தாண்டினால் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. இந்தப் பக்கம் அதே பனை, அதே பாளை, இறக்கினால் வழக்கு. சுண்ணாம்பு போட்ட கலயம்தானா என்ற சந்தேகத்தில் அக்கானி இறக்குகிறவரும் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் மரத்தைக் காப்பாற்றினால் போதாது. ஏறுகிறவருக்குக் கூலி கட்டுபடியானால்தான் அக்கானி பந்தலுக்கு வரும்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்கமாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. அந்தக் கோடையில் பவண்டோ நிறையப் பந்தல்களுக்குத் திரும்பி வந்தது. அதே வருஷம் ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. காற்றடைத்த குளிர்பானத்துக்கு அப்போது வரியும் செஸ்ஸும் சேர்ந்து 40 சதவீதமாக இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி, உள்நாட்டுக் கம்பெனி என்ற வித்தியாசம் வரிக்குக் கிடையாது.

நோட்டில் எழுதாத செலவு

இனி சொல்லப்போவதைச் சிலர் விரும்பமாட்டார்கள். கூட்டுறவுக் கடன் சங்கக் கணக்குகளோடு என் பணிக்காலத்தைக் கழித்தவன் நான். வைகாசிக்கும் ஆவணிக்கும் தைக்கும் முன்னால் நகைக்கடன் வரிசை நீளும். கல்யாணச் செலவு நோட்டை எடுத்துக் காட்டி, இன்ன வரிக்கு இவ்வளவு குறைகிறது என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அரிசி, காய்கறி, தேங்காய், பந்தல், வீடியோ எல்லாம் வரிசையாக இருக்கும். கடைசியில் ‘மற்றவை’ என்று ஒரு தொகை. என்ன அது என்று கேட்டால் ஆண்கள் சிரிப்பார்கள். அடகு வைக்கும் காப்பைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்கிற பெண் தரையைப் பார்ப்பாள். மாப்பிள்ளைத் தோழர்களுக்கும் முந்தின நாள் இரவு பந்தலில் விழித்திருக்கிறவர்களுக்கும் வாங்கிக் கொடுக்க வேண்டிய பாட்டில்தான் அந்த ‘மற்றவை’. வந்தவர்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாதவர்களுக்கு, மற்ற எல்லாருக்கும் கொடுத்த காப்பியும் கலரும் சேர்ந்த செலவைவிட அதிகம் போனதை நான் பல நோட்டுகளில் பார்த்திருக்கிறேன். அதைத் திருப்பிக் கட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

2023 ஏப்ரலில், கல்யாண மண்டபங்களிலும் சிறப்பு அனுமதி பெற்று மது பரிமாறலாம் என்று அரசின் விதியில் ஒரு திருத்தம் வந்திருப்பது வெளியே தெரிந்தது. ஊரெங்கும் எதிர்ப்பு. மண்டபங்களுக்கு அனுமதி கிடையாது என்று துறை அமைச்சர் உடனே சொன்னார். மண்டபம் என்ற சொல்லை எடுத்துவிட்டு விதியைத் திருத்தினார்கள். அந்த எதிர்ப்பில் எல்லாக் கட்சிக்காரர்களும் எல்லா மதத்தாரும் சேர்ந்து நின்றதைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி. ஆனால் மண்டபத்துக்குப் பின்னால் காரின் டிக்கியில் நடப்பதற்கு எந்த விதியும் தேவைப்படவில்லை. அதை நிறுத்த வேண்டுமானால் வீட்டுப் பெரியவர்கள் நோட்டில் ‘மற்றவை’ என்ற வரியைப் போட மறுக்க வேண்டும். சில வீடுகளில் மணப்பெண்ணே அப்படிச் சொல்லி நிறுத்தியிருக்கிறாள். கல்யாணமும் நன்றாகத்தான் நடந்தது.

இன்றைக்கு 500 பேருக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். பேத்திக்குக் கல்யாணம் பார்க்கும் நண்பர்கள் கேட்டதால் இதை விரிவாக எழுதுகிறேன். விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். நான் போடும் விலை ஒரு மதிப்புத்தான். முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

500 பேர் வருவார்கள் என்றால் ஐந்தில் ஒருவர் இரண்டாவது தம்ளர் கேட்பார். ஆக 600 தம்ளர். தம்ளருக்கு 150 மில்லி என்றால் 90 லிட்டர்.

நாரங்கா வெள்ளம்: இரண்டு தம்ளருக்கு ஒரு எலுமிச்சை, மொத்தம் 300. ஒன்று 5 ரூபாய் என்றால் 1,500. தம்ளருக்கு 15 கிராம் சீனி, 9 கிலோ, சுமார் 400 ரூபாய். ஐஸும் உப்பும் ஏலக்காயும் 300. மொத்தம் 2,200. கோடையில் எலுமிச்சை இரட்டை விலைக்குப் போனாலும் 4,000-க்குள் அடங்கும்.

கருப்பட்டிப் பானகம்: லிட்டருக்கு 110 கிராம் வைத்தால் 10 கிலோ. சீனி கலக்காத நல்ல கருப்பட்டி கிலோ 400 ரூபாய் என்றால் 4,000. சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை 500. மொத்தம் 4,500. நாரங்கா வெள்ளத்தைவிடக் கூடுதல்தான். ஆனால் அந்த 4,000 ரூபாய் பனையேறுகிறவர் வீட்டுக்கும் காய்ச்சுகிற பெண்ணின் கைக்கும் போகும்.

பாட்டில் குளிர்பானம்: 200 மில்லி 20 ரூபாய் என்றால் 600-க்கு 12,000. இளநீர் ஆளுக்கு ஒன்று 40 ரூபாய் என்றால் 500-க்கு 20,000. வெட்டுக்கூலியும் குப்பை அள்ளும் கூலியும் தனி. கேட்டரிங்காரர் நீலமும் பச்சையுமாகக் கலக்கிக் கொடுப்பது தலைக்கு 40 ரூபாய் என்றாலும் 20,000 ஆகிவிடும்.

தண்ணீர்: ஆளுக்கு 600 மில்லி, 300 லிட்டர். 20 லிட்டர் கேன் 15 போதும். கைவசம் இருக்க 18 எடுங்கள். கேன் 40 ரூபாய் என்றால் 720. இதையே குட்டிப் பாட்டிலாக ஆளுக்கு இரண்டு, பாட்டில் 6 ரூபாய் என்று வாங்கினால் 6,000. பாதி குடித்து வைத்துவிட்டுப் போகும் பாட்டில்களைப் பொறுக்கவும் ஆள் வேண்டும். பிளாஸ்டிக் தம்ளரும் உறிஞ்சுகுழலும் 2019 ஜனவரி 1 முதல் தடை என்பதை நினைவில் வையுங்கள். ஸ்டீல் தம்ளர் வாடகைக்குக் கிடைக்கிறது.

பானகமும் கேனும் சேர்ந்தால் சுமார் 5,200. கேட்டரிங் கலவையும் குட்டிப் பாட்டிலும் சேர்ந்தால் 26,000. வித்தியாசம் 20,800 ரூபாய். வந்தவர் வாயில் அரை நிமிஷம் இருப்பதற்கான வித்தியாசம் இது.

காசைவிடப் பெரிய காரியம் ஒன்று. கேரளத்தில் கல்யாண வீட்டு வெல்கம் டிரிங்க் வழியாக மஞ்சள்காமாலை பரவியதாக அங்குள்ள சுகாதாரத் துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும், சீக்கிரம் ஆறட்டும் என்று பச்சைத்தண்ணீர் கலந்தால் கொதிக்கவைத்த பலன் போய்விடும். ஐஸ் என்ன தண்ணீரில் செய்தது என்பதையும் கேட்க வேண்டும். மீனுக்குப் போடும் ஐஸ் பந்தலுக்குள் வரவே கூடாது. நம் பாட்டிமார் முந்தின நாள் இரவே சீரகவெள்ளம் காய்ச்சி மூடிவைத்ததன் அருமை இங்கேதான் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் நம் வயது. சர்க்கரை வியாதி இல்லாதவரைத் தேட வேண்டியிருக்கிறது. இனிப்புத் தம்ளர்களுக்குப் பக்கத்தில் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட மோர் ஒரு பானை வையுங்கள். செலவு அதிகமில்லை. ‘எனக்குச் சர்க்கரை’ என்று சொல்லிக் கூச்சத்தோடு கையை நீட்டாமல் நிற்கிற பெரியவருக்கு அதைவிட மரியாதை வேறில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு காரியம் பாருங்கள். மேடைப் பக்கத்து மேசைக்கு ஒன்று, வாசலில் நிற்கும் வேன் டிரைவருக்கும் பாத்திரம் கழுவ வந்த அம்மாவுக்கும் வேறொன்று என்று பிரிக்காதீர்கள். சிரட்டையை ஒழிக்க நம் முன்னோர் பட்ட பாடு அதிகம். அதற்காகக் கடனும் வாங்காதீர்கள். மறுவீட்டு விருந்து முடிந்து, சுருள் நோட்டைக் கூட்டிப் பார்க்கும்போது குடிக்கக் கொடுத்த வகையில் யாருக்கும் பாக்கி இல்லை என்றால், கணக்கு ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம்.